லண்டன் – பாரிஸ்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேள்வி கேட்டவர் லண்டனில், ஈஸ்ட்ஹாமில், உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும். தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 344 கிலோமீட்டர் என்கிறது, இன்னோரிடத்தில் 450 என்கிறது, மூன்றாவது இடத்தில் 492 என்கிறது. எது சரி, எதில் போனால் சீக்கிரம் போகலாம், ஒரே நாளில் போய்த் திரும்பிவிட முடியுமா என்பது அவருடைய சந்தேகம்.

மூன்று எண்ணும் சரிதான். 344 என்பது வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு ஊருக்கும் நடுவே கோடு போட்டால் வருவது. அந்தக் கோட்டின் மேல் யாரும் பயணம் செய்வதில்லை, விமானம்கூட அப்படியே போவதில்லை. 450 என்பது சாலைக் கணக்கு. லண்டனிலிருந்து இங்கிலாந்துக் கரையில் உள்ள ஃபோக்ஸ்டன் ஏறக்குறைய 110, கடலடிச் சுரங்கம் 50, பிரெஞ்சுக் கரையில் உள்ள கலேயிலிருந்து பாரிஸ் 290 சொச்சம். கூட்டினால் 450க்குக் கொஞ்சம் மேலே வரும். 492 என்பது லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து பாரிஸ் கார் து நோர் நிலையம் வரை ரயில் பாதையின் நீளம்.

காரைவிட ரயில் ஏன் நாற்பது கிலோமீட்டர் அதிகம் ஓடுகிறது என்று தோன்றலாம். சுரங்கத்தைவிட்டுக் கலேயில் வெளியே வந்ததும் ரயில் நேராகத் தெற்கே பாரிஸைப் பார்த்துப் போவதில்லை. கிழக்கே லீல் நகரத்தின் பக்கம் போய், அங்கிருந்து தெற்கே திரும்புகிறது. பெல்ஜியத்துக்குப் போகும் பாதையும் லீலில்தான் பிரிகிறது. ஒரே பாதையை இரண்டு நாட்டுக்கும் பயன்படுத்தவேண்டும் என்று பிரெஞ்சு அரசு அப்படி வளைத்துப் போட்டது. தங்கள் ஊர் வழியாக நேராகப் போடச்சொல்லி அமியான் நகரத்துக்காரர்கள் அப்போதே போராடினார்கள். அந்த நேர்ப் பாதைத் திட்டம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது.

சரி, தூரம் போகட்டும். இந்தப் பயணத்தில் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடவே முடியாது. சுரங்கம் வழியாக ஓடும் அதிவேக ரயிலான யூரோஸ்டார் 492 கிலோமீட்டரைச் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. கார் அதைவிடக் குறைவான தூரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. விமானம் வானில் இருப்பது முக்கால் மணி நேரம், ஆனால் வீட்டிலிருந்து வீடு வரை கணக்குப் பார்த்தால் ரயிலிடம் தோற்றுப்போகிறது. நேரத்தைத் தின்பது கடலும் பாஸ்போர்ட் வரிசையும்தான். கடலைச் சுரங்கம் போட்டு ஜெயித்துவிட்டார்கள். வரிசை, குறைந்துகொண்டே வந்து, இப்போது மறுபடி நீள ஆரம்பித்திருக்கிறது.

கடல் என்ன பெரிய கடல் என்றால், டோவர் பக்கம் அதன் அகலம் 33 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையைப் பார்க்கலாம். ஆனாலும் இருநூறு வருஷம் இழுத்தடித்தது. 1802இலேயே ஆல்பெர் மத்தியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் குதிரைவண்டி போகிற மாதிரி சுரங்கம் வெட்டலாம் என்று திட்டம் கொடுத்தார். 1880களில் இரண்டு பக்கமும் தோண்டவே ஆரம்பித்துவிட்டார்கள். பிரெஞ்சுப் படை அந்த வழியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று பிரிட்டிஷ் ராணுவம் பயந்ததில் வேலை நின்றது. 1970களில் இன்னொரு முயற்சி, 1975இல் பணத்தைக் காரணம் காட்டி அதையும் பிரிட்டன் கைவிட்டது. கடைசியில் 1986இல் ஒப்பந்தம் போட்டு, 1990 டிசம்பர் 1ஆம் தேதி இரண்டு பக்கத் தொழிலாளர்களும் கடலுக்கடியில் கைகுலுக்கி, 1994 மே 6 அன்று எலிசபெத் அரசியும் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானும் திறந்துவைத்தார்கள். மொத்த நீளம் 50.45 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 38 கிலோமீட்டர் கடலுக்கடியில். சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த ஒரு பாறை அடுக்கு அங்கே இருக்கிறது. வெட்டுவதற்கு இளக்கம், தண்ணீரும் அவ்வளவாகக் கசியாது. அந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

சுரங்கத்துக்கு முன்னால் இந்தப் பயணம் எப்படி இருந்தது என்பது சுவாரஸ்யமான கதை. 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து பாரிஸின் லெ பூர்ஜேவுக்குத் தினசரி விமான சேவை ஆரம்பமானது. இரண்டரை மணி நேரம் பிடித்தது, சாதாரண மனிதர்கள் நினைத்துப் பார்க்க முடியாத கட்டணம். 1936 முதல் 1980 வரை ‘நைட் ஃபெர்ரி’ என்று ஒரு ரயில் ஓடியது. இரவு லண்டன் விக்டோரியாவில் ஏறிப் படுத்துக்கொண்டால், டோவரில் ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டி, டன்கெர்க்கில் இறக்கி, காலையில் பாரிஸில் கொண்டுபோய் விடுவார்கள். சங்கிலிச் சத்தத்தில் எத்தனை பேர் தூங்கினார்களோ தெரியாது. 1968இல் ஹோவர்கிராஃப்ட் வந்தது. காற்று மெத்தையில் மிதந்துகொண்டு டோவரிலிருந்து கலேக்கு 35 நிமிடத்தில் போய்விடும். சாதாரணக் கப்பலுக்கு இன்றைக்கும் ஒன்றரை மணி நேரம். அவ்வளவு வேகமான வண்டியையும் 2000இல் நிறுத்திவிட்டார்கள். சுரங்கத்தோடு போட்டி போட முடியவில்லை.

யூரோஸ்டார் 1994 நவம்பர் 14இல் ஓட ஆரம்பித்தபோது பாரிஸுக்கு மூன்று மணி நேரம் ஆனது. பிரான்ஸ் பக்கம் அதிவேகப் பாதை தயார். பிரிட்டன் பக்கமோ, அதே ரயில் பழைய புறநகர்ப் பாதையில், லோக்கல் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வாட்டர்லூ போய்ச் சேர்ந்தது. வடக்கு பிரான்ஸில் பறந்து வந்து, சுரங்கத்தைத் தாண்டியதும் மெதுவாக இங்கிலாந்தின் இயற்கை அழகை ரசிக்கலாம் என்று மித்தரானே கிண்டல் செய்தார். 2003இல் புதுப் பாதையின் ஒரு பாதி திறந்ததும் 2 மணி 35 நிமிடம் ஆனது. 2007 நவம்பரில் மறுபாதியும் திறந்து, செயின்ட் பாங்க்ராஸுக்கு மாறியதும் 2 மணி 15. அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு சோதனை ஓட்டத்தில் பாரிஸிலிருந்து லண்டனுக்கு 2 மணி 3 நிமிடம் 39 விநாடியில் வந்து காட்டினார்கள். பயணிகள் ரயில் அந்த வேகத்தில் வருவதில்லை. நிலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும் ரயில், சுரங்கத்துக்குள் 160ஐத் தாண்டுவதில்லை. கார் ஏற்றிச் செல்லும் ஷட்டில் வண்டியும் சரக்கு ரயிலும் அதே தண்டவாளத்தில் ஓடுவதால், எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் விட்டால்தான் நிறைய வண்டிகளை விட முடியும். சுரங்கத்துக்குள் இருக்கும் நேரம் இருபது நிமிடம். வேடிக்கை பார்க்க ஒன்றும் இருக்காது, காது கொஞ்சம் அடைக்கும், அவ்வளவுதான்.

இப்போது டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க ஒரு விஷயம். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கோடைகாலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும்போதும் இரண்டு நாடும் ஒரே நொடியில் மாற்றுவதால் வித்தியாசம் மாறாது. ஆகவே காலை 10 மணிக்கு லண்டனில் ஏறினால் டிக்கெட்டில் 1.20க்குப் பாரிஸ் என்று இருக்கும், மூன்று மணி இருபது நிமிடப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது 10 மணிக்கு ஏறினால் 11.20க்கு லண்டன், ஏதோ பக்கத்து ஊர் போல. சூரியனைப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் பத்து நிமிடம்தான் வித்தியாசம். 1940இல் ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்தபோது பெர்லின் நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பினார்கள். போர் முடிந்தும் அது அப்படியே நின்றுவிட்டது.

இனி உங்கள் கணக்கு. ஈஸ்ட்ஹாமில் ட்யூப் ஏறினால் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் நேராகக் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ராஸுக்கே கொண்டுபோய் விடும், மாற வேண்டியதில்லை. நடையையும் சேர்த்து முக்கால் மணிக்கும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். (ஹரோ, வெம்பிளி பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோபாலிட்டன் லைன், டூட்டிங்காரர்களுக்கு பாங்க் வழியாகப் போகும் நார்தர்ன் லைன். லண்டனில் தமிழர்கள் நிறைய இருக்கும் இடங்கள் பலவும் இந்த ஸ்டேஷனுக்கு ஒரே வண்டியில் அமைந்துவிட்டது ஒரு வசதி.) நிலையத்தில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கவேண்டும். அரைமணிக்கு முன்னால் வாசலை மூடிவிடுவார்கள், ஓடி வந்தாலும் விடமாட்டார்கள். ரயிலில் 2 மணி 20. பாரிஸில் இறங்கினால் வரிசை கிடையாது, பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக வெளியே நடக்கலாம். கார் து நோரிலிருந்து லாச்சப்பல் கடைத்தெரு நடந்து பத்து நிமிடம். ஆக மொத்தம் வாசலிலிருந்து வாசல் ஐந்து மணி நேரம். இதில் ரயில் ஓடுவது பாதிகூட இல்லை.

அந்த வரிசை ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பல தங்களுக்குள் எல்லையில் பாஸ்போர்ட் சோதனை வேண்டாம் என்று போட்டுக்கொண்டது ஷெங்கன் ஒப்பந்தம். பிரிட்டன் எப்போதுமே அதற்குள் இருந்ததில்லை. அதனால் லண்டனிலேயே பிரெஞ்சு போலீஸ் உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறது, பாரிஸிலேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் பார்க்கிறார்கள். ஏறும் இடத்திலேயே இரண்டு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடுவதால்தான் இறங்குமிடத்தில் நிற்பதில்லை. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், முன்பெல்லாம் அரைமணி முன்னால் போனாலே போதும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களையும் வெளிநாட்டவராக நடத்தி முத்திரை குத்தவேண்டியதாயிற்று. 2025 அக்டோபர் முதல் அதுவும் போதாதென்று, ஒன்றியத்தைச் சேராதவர்களின் கைரேகை, முகப்படம் எல்லாம் பதிவுசெய்யும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பல கோடி செலவில் புதுப் பாதை போட்டு மிச்சம் பிடித்த நாற்பத்தைந்து நிமிடத்தை, ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் திருப்பிக் கொடுக்கிறார்கள். இன்னொரு பலன்: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஆஷ்ஃபர்ட், எப்ஸ்ஃப்ளீட் என்று இரண்டு நிலையங்களில் முன்பு யூரோஸ்டார் நின்றது. 2020இல் நிறுத்தியவர்கள் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. சுரங்கத்தின் வாயில் குடியிருப்பவர்கள் பாரிஸ் போக முதலில் எதிர்த்திசையில் லண்டன் வரவேண்டியிருக்கிறது.

விசா விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், இதை நிதானமாகப் படியுங்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் விசா வாங்கி லண்டன் வந்தவர்கள், அதை வைத்துக்கொண்டு பாரிஸ் போக முடியாது. தனியாக ஷெங்கன் விசா வேண்டும். எதிர்ப்பக்கமும் அப்படியே. பிரான்ஸில் வதிவிட அட்டை இருந்தாலும் இலங்கைப் பாஸ்போர்ட்காரர் லண்டன் வர பிரிட்டிஷ் விசா எடுக்கத்தான் வேண்டும். பாரிஸில் முதலில் இறங்கி, இடையில் லண்டன் வந்து, மறுபடி பாரிஸ் போய் ஊருக்கு விமானம் ஏறுவது என்று திட்டம் இருந்தால், ஷெங்கன் விசா ஒருமுறை மட்டும் நுழையும் வகையாக இருக்கக் கூடாது. வெளியே வந்த கணமே அது முடிந்துபோகும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உறவினர் லண்டன் வருவதானால், 2025 ஏப்ரல் முதல் இணையத்தில் ஈடிஏ என்ற முன்அனுமதி எடுக்கவேண்டும், பாஸ்போர்ட்டும் வேண்டும். அடையாள அட்டையைக் காட்டி வந்த காலம் 2021 செப்டம்பரோடு முடிந்தது.

விமானம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹீத்ரோ போக ஒரு மணி நேரத்துக்கு மேல், அங்கே இரண்டு மணி நேரம், தரையில் ஊர்வதையும் சேர்த்துப் பயணம் ஒன்றேகால் மணி, பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் பாஸ்போர்ட் வரிசை, அப்புறம் ஆர்இஆர் ‘பி’ ரயிலில் ஊருக்குள் வர முக்கால் மணி. ஆறு மணி நேரத்தைத் தொடும். ஹவுன்ஸ்லோ, சவுத்ஹால் போல ஹீத்ரோவை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கோ, பாரிஸில் வேறு விமானம் மாறுபவர்களுக்கோ சரி. ஈஸ்ட்ஹாம்காரருக்கு வேண்டாம்.

காரை அப்படித் தள்ளிவிட முடியாது. ஃபோக்ஸ்டனில் காரோடு ஷட்டில் ரயிலுக்குள் ஓட்டிப்போனால் 35 நிமிடத்தில் கலே பக்கம். காருக்குத்தான் கட்டணம், உள்ளே எத்தனை பேர் என்பது கணக்கில்லை. ஐந்து பேர், பட்டுப்புடவை, சீர்வரிசைத் தட்டு, குழந்தைகள் என்று கிளம்பும் குடும்பத்துக்கு இதுதான் கட்டுப்படியாகும். லண்டனைவிட்டு வெளியேறி ஃபோக்ஸ்டன் சேர ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், அங்கே சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணி, அக்கரையில் மூன்று மணி. நெரிசல் இல்லாத நாளில் ஆறரை மணி நேரத்தில் முடிக்கலாம். பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை என்றால் எந்தக் கணக்கும் செல்லாது. பிரான்ஸில் வலதுபக்கம் ஓட்டவேண்டும் என்பது தெரிந்ததுதான், நெடுஞ்சாலையில் அது சிரமமே இல்லை. பெட்ரோல் போட்டுவிட்டு ஆளில்லாத சாலையில் திரும்ப ஏறும்போதுதான் கை பழைய பக்கம் போகும். சுங்கம் ஒரு வழிக்கு இருபது யூரோவுக்கு மேல். வேக வரம்பு 130, மழை பெய்தால் 110. பாரிஸைச் சுற்றிய பெரிஃபெரிக் வட்டச்சாலையில் இப்போது 50தான், மாலையில் அந்த 50ஐயும் பிடிக்க முடியாது.

காசு குறைவாக வேண்டும் என்றால் பஸ். எட்டிலிருந்து பத்து மணி நேரம், பெரும்பாலும் விக்டோரியாவிலிருந்து பாரிஸ் பெர்சி வரை. நடுராத்திரியில் எல்லாரையும் தட்டி எழுப்பி இறக்கி பாஸ்போர்ட் பார்ப்பார்கள். மாணவர்களுக்குப் பரவாயில்லை, கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். நேரம் தாராளமாக இருந்து, கடலைக் கடந்த உணர்வே வேண்டும் என்பவர்களுக்கு நியூஹேவன் – தியெப் கப்பல் இருக்கிறது. நான்கு மணி நேரம் கடலில், இரண்டு பக்கமும் ரயில் பிடித்துக்கொள்ளலாம், ஒரு முழு நாள் போய்விடும். அதே வழியில் லண்டனிலிருந்து பாரிஸ் வரை சைக்கிள் பாதையே குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? முடியும். லண்டனில் முதல் ரயில் காலை ஆறு மணியை ஒட்டி, பாரிஸிலிருந்து கடைசி ரயில் இரவு ஒன்பது மணியை ஒட்டி. மாலை வரவேற்புக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம், கடைசி வண்டியைப் பிடிக்க ஏழரைக்குள் மண்டபத்தைவிட்டுக் கிளம்பவேண்டும், அவ்வளவுதான். காலை முகூர்த்தம் என்றால் ஆபத்து. ஆறு மணி ரயிலுக்கு நாலரை, ஐந்துக்கே நிலையத்தில் நிற்கவேண்டும், அந்த நேரத்துக்கு ட்யூப் உதவாது, டாக்ஸிதான். அடுத்த வண்டியில் போனால், அந்த ஒரு மணி நேர வித்தியாசம் வேறு சேர்ந்துகொண்டு, பாரிஸ் கடிகாரத்தில் பத்தரை ஆகிவிடும். வண்டி தாமதமானால் தாலி கட்டி முடிந்திருக்கும். 2025 மார்ச் 7ஆம் தேதி கார் து நோருக்குப் பக்கத்தில் தண்டவாள ஓரமாக இரண்டாம் உலகப்போர்க் குண்டு ஒன்று அகப்பட்டு, அன்று லண்டன் ரயில்கள் அத்தனையும் ரத்தாகின. அப்படி தினமும் நடக்காதுதான், ஆனால் வேலைநிறுத்தமும் சிக்னல் கோளாறும் அவ்வப்போது உண்டு. முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

டிக்கெட்டைத் தேதி முடிவான அன்றே வாங்கிவிடவேண்டும். மாதங்களுக்கு முன்னால் வாங்கினால் ஒரு வழி ஐம்பது யூரோ அளவில் கிடைக்கும். கடைசி வாரத்தில் இருநூறைத் தாண்டும். சுரங்கத்தில் பயணிகள் ரயில் விடுவது இன்றுவரை ஒரே நிறுவனம்தான், அதனால் பேரம் பேச இடமில்லை. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை இரண்டையும் தவிர்த்தாலே பாதி மிச்சம்.

பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு கிடையாது, ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம், நீங்களே தூக்க முடிந்தால் சரி. ஆனால் பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. நெய்யை ஈஸ்ட்ஹாமில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் ஐந்துக்கும் மட்டும் சான்றிதழ் கேட்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, வேண்டுமானால் அவற்றைக் கொண்டுபோகலாம். லாச்சப்பலில் இவை எல்லாமே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.